ஸ்கேனுக்கு முதல் நாள் உப்புவெளியில் கரைவலை

ஜூலை மாதம் பன்னிரண்டு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு திருகோணமலைக்குப் போனேன். அன்ரன் அண்ணாவுக்குக் கொழும்பில் பெட் (PET) ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. நிணநீர்க் கட்டிப் புற்றுநோய். கழுத்து, நெஞ்சு, வலது அக்குள் என்று மூன்று இடம். ஆறு மாதம் ஊசி மருந்து ஏற்றியாகிவிட்டது. நோய் போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா என்பதை இந்த ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். போயிருந்தால் ஊசி நிற்கும். இருந்தால் இன்னும் கடுமையான மருந்து தொடங்கும். அண்ணியால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று நான் கிளம்பினேன்.

என்னுடைய இந்தப் பயணப் பக்கத்துக்கு வழக்கமாக ரயில் நேரமும் விடுதி வாடகையும் தேடி வருபவர்கள் ஓடிவிட வேண்டாம். இதிலும் மணி, தூரம், கட்டணம் எல்லாம் உண்டு. கிழக்கிலிருந்து கொழும்புக்கு ஸ்கேனுக்குப் போகும் குடும்பங்களுக்காக யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடினேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்வது வெளிநாட்டில் ஒரு சிறிய ஆய்வகத்தில். எங்கள் வேலையே பெட் ஸ்கேன் மெஷினுக்கு மலிவான, வேகமான டிடெக்டர் செய்வது. ஆகவே வீட்டில் எல்லோரும் என்னை இந்த விஷயத்தில் பெரிய ஆள் என்று நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திங்கள் காலை 7.00 மணிக்குக் கொழும்பில் குளிரூட்டிய பஸ். கட்டணம் 1,900 ரூபாய், தூரம் ஏறக்குறைய 260 கிலோமீட்டர். பிற்பகல் 1.50க்குத் திருகோணமலை. பஸ் நிலையத்திலிருந்து அன்புவழிபுரத்துக்கு ஓட்டோ 400 ரூபாய் (600 கேட்பார்கள், "நான் இந்த ஊர்தான்" என்று சொன்னால் இறங்கும்). வீட்டுக் கேற்றடியில் அண்ணா நின்றார். தலையில் மயிர் குஞ்சு குஞ்சாக முளைத்திருந்தது. சட்டை ஒரு அளவு பெரிது. முதலில் என் பெட்டியைத்தான் பார்த்தார். "இதுக்குள்ள என்ன, கல்லோ?" என்றார். கேட்டபடியே தூக்கப் போனார். நான் விடவில்லை.

செவ்வாய் மாலை 4.00 மணிக்கு ஓர்ஸ் ஹில்லில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது. ஸ்கேனுக்கு அந்த முடிவு தேவை. அரை மணியில் தருகிறோம் என்றார்கள், ஒரு மணிநேரம் ஆகியது. நாங்கள் உள்துறைமுகம் தெரியும் பக்கமாக ஒரு மதிலில் உட்கார்ந்தோம். கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு சரக்குக் கப்பல், இரண்டு மூன்று படகுகள். அண்ணா பெட்டியில் என்ன கல் என்று மறுபடியும் கேட்டார். கைப்பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆய்வகத்தில் விளிம்பு உடைந்துபோனதால் என்னிடம் தந்துவிட்ட ஒரு பளிங்குத் துண்டு. தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும். அண்ணாவின் உள்ளங்கை ஒரு கணம் கீழே போய் வந்தது.

"பார்த்தால் கண்ணாடி, பாரம் இரும்பு மாதிரி. இதைத்தான் நீ அங்க செய்யிறியோ?"

"இதைச் செய்யிறேல்லை அண்ணா. இதுக்குள்ள வாற வெளிச்சத்தைப் பிடிக்கிற மின்சுற்றுத்தான் எங்கட வேலை."

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஸ்கேனுக்கு முன் கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரையை ஊசியாகப் போடுவார்கள். உடம்பில் எது பசியோடு இருக்கிறதோ அது அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நோய்க் கட்டிக்கு எப்போதும் பசி. சர்க்கரை தங்கிய இடத்திலிருந்து இரண்டு கதிர்கள் நேரெதிர்த் திசையில் பறக்கும். சுற்றி வளையமாக நிற்கும் பளிங்குகள் அவற்றைப் பிடிக்கும். இரண்டில் எது முந்தி வந்தது என்று துல்லியமாகத் தெரிந்தால், அவை கிளம்பிய இடமும் தெரியும். படம் தெளிவாகும், நேரமும் மிச்சமாகும்.

அண்ணா கரைவலை இழுப்பவர், கடலில் வளைத்துப் போட்ட வலையை இரண்டு கயிற்றால் கரையில் நின்று இழுக்கும் தொழில். மார்கழிக் கடல் அடங்கி, பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை உப்புவெளிக் கரைதான் அவருக்கு எல்லாம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பளிங்கை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு கயிறு. எந்தக் கயிறு முதல்ல பாரமாகுதோ, மீன் அந்தப் பக்கம். இதுதானே?"

"ஓம், அதேதான்."

"இதுக்கோ உன்னை இவ்வளவு படிப்பிச்சது?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு விலையைக் கேட்டார். கதிர் பட்டவுடன் ஒளிரும் பளிங்குக்கு விலை அதிகம் என்றேன். அதனால் மெஷினுக்கும் விலை அதிகம். கையில் இருப்பது மலிவு, ஆனால் மெதுவாக ஒளிரும். அந்த மெதுவான ஒளிக்கு முன்னால், கதிர் பட்ட அதே கணத்தில், மிக மெல்லிய நீல ஒளி ஒன்று வந்து போகிறது. அதைத் தவறவிடாமல் பிடித்தால் மலிவான பளிங்கிலும் வேகமான மெஷின் செய்யலாம். "பிடிச்சாச்சோ?" என்று கேட்டார். ஆய்வக மேசையில் பிடித்தாயிற்று, ஆஸ்பத்திரிக்கு வர இன்னும் காலம் எடுக்கும் என்றேன். "அப்ப கெதியாச் செய்" என்றார்.

புதன்கிழமை ஓய்வு நாள். மறுநாள் பிற்பகல் 1.30க்குக் கொழும்பில் ஸ்கேனுக்கான ஊசி. காலையில் அண்ணா கடலைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றார். ஆறு மாதமாகப் போகவில்லை. சைக்கிளில் போக வெளிக்கிட்டவரை, களைத்துவிடுவார் என்று நான்தான் தடுத்து ஓட்டோவில் ஏற்றினேன். என்ன கெட்டித்தனம் பாருங்கள். அன்புவழிபுரத்திலிருந்து உப்புவெளி கடற்கரைக்கு 500 ரூபாய், பதினைந்து நிமிடம். 6.20க்கு மணலில் நின்றோம்.

வலை பாதி வந்திருந்தது. இரண்டு கயிறு, இரண்டு கூட்டம், நடுவில் ஒரு நூற்றைம்பது மீட்டர். அன்றைக்கு நீரோட்டம் வலையைப் பிடித்து வைத்திருந்தது. கயிறு விறைத்து நின்றது. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலை பாரமாகிவிட்டால் கரையில் நிற்கும் எவரும் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதில்லை. ஐஸ் பெட்டிக்காரர், மீன் வாங்க வந்தவர், விடுதியில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர், யாராயிருந்தாலும் கயிற்றில் கை வைப்பார்கள். கை வைத்தவருக்குக் கறிக்கு மீன் உண்டு.

அண்ணாவை யாரும் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் அவருடைய நோய் தெரியும். அவர் செருப்பைக் கழற்றினார், சாரத்தை மடித்துக் கட்டினார், நடந்து போனார். மூன்றாவதாக நின்றவர் பின்னுக்கு நகர்ந்து, அண்ணா முன்பு நிற்கும் இடத்தை விட்டுக் கொடுத்தார். தொலைபேசியில் படம் எடுத்தேன். பிறகு நானும் போய் அவருக்குப் பின்னால் நின்று இழுத்தேன். அவருடைய முதுகு இறுகி விரிவதை ஒரு முழத் தூரத்தில் பார்த்துக்கொண்டு நாற்பது நிமிடம் இழுத்தேன். அண்ணா திரும்பிவிட்டார், அண்ணா எங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார் என்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் ஓடவில்லை.

இரண்டு பை சூடை மீனோடு வீட்டுக்கு வந்தோம். அண்ணி பொரித்தார். அண்ணா சாப்பிட்டுவிட்டுப் படுத்ததும் குசினிக்குள் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, எத்தினை மாசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் மனுசன் ரெண்டாந்தரம் மீன் கேட்டவர்" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

மாலை 5.00 மணிக்கு ஹனீபா நானா வந்தார். கிண்ணியாக்காரர், சொந்த வான் (வேன்) வைத்து ஓட்டுபவர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். நோயாளிகளைக் கொழும்புக்குக் கொண்டுபோய் வருவதுதான் அவருக்கு அதிகம் கிடைக்கும் ஓட்டம். போக வர 42,000 ரூபாய், காத்திருப்பும் சேர்த்து. முதல் நாள் வீட்டுக்கு வந்து நோயாளியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது அவர் பழக்கம். கதிரையில் உட்கார்ந்து சீனி போடாத தேத்தண்ணீர் குடித்தார்.

"அன்ரன் அண்ணன், இண்டைக்கும் நேத்தும் பாரமான வேல ஒண்டும் செய்யல்லதானே?"

"ஏன் கேக்கிறீங்கள்?" என்றேன் நான்.

"போன முறை மூதூர்ல இருந்து ஒரு உம்மாவக் கூட்டிப் போன நான், தங்கச்சி. முதல் நாள் ஊட்டுல மா இடிச்சிருக்கா. படத்துல ரெண்டு கையும் விளக்கு மாதிரி எரிஞ்சிருக்கு. ஒண்டும் தெளிவா இல்ல, திரும்பி வாங்க எண்டுட்டாங்க. அதுக்குப் பிறகு நான் எல்லார்ட்டயும் கேக்கிற."

நான் எழுந்து அலுமாரிப் பக்கம் போனேன். உழைத்த தசைக்கும் பசி. நோயைப் போலவே அதுவும் சர்க்கரையை இழுக்கும். எந்த மாணவரைக் கேட்டாலும் சொல்வார். ஆஸ்பத்திரி தந்த அறிவுறுத்தல் தாள் அலுமாரிக் கதவில்தான் ஒட்டியிருந்தது. மூன்றாவது வரி: இரண்டு நாட்களுக்கு உடல் உழைப்பைத் தவிர்க்கவும். அந்தத் தாளை நான் நான்கு முறை படித்திருந்தேன். நேரம், சீனி, இரத்த முடிவு என்று என் கண் அங்கங்கே நின்றது. ஆய்வகத்தில் நாங்கள் படம் பிடிப்பது தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளையை. உருளை முதல் நாள் கடற்கரைக்குப் போவதில்லை.

நானா போன பிறகு அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்தும் நெஞ்சும் தப்பலாம், அக்குள் தோளுக்குப் பக்கத்தில், அதுதான் பயம் என்றேன். ஆஸ்பத்திரி இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் அந்த நேரத்துக்கு யாரும் எடுக்கவில்லை.

"நீ அங்க ஒண்டும் கதைக்காத," என்றார் அண்ணா. "சொன்னால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். என்னால இனி ஏலாது. இருக்கோ இல்லையோ, எனக்கு அறியவேணும்."

"சொல்லாட்டி, தசை எரியிறதைப் பார்த்து நோய் எண்டு நினைப்பினம். கயிறு இழுத்ததுக்கு இன்னொரு ஆறு மாசம் ஊசி போட்டால் என்ன செய்வீங்கள்?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீயும்தானே இழுத்தனீ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஓம் அண்ணா. பிழை என்னிலதான்."

வியாழன் காலை 5.05க்குப் புறப்பட்டோம். கந்தளாய் 5.50, ஹபரணை 6.50. அங்கே வானை நிறுத்தி அவித்த முட்டை இரண்டு கொடுத்தேன். 7.30க்குப் பிறகு தண்ணீர் மட்டும். தம்புள்ளையில் மலசலகூடம் சுத்தமான ஒரு பெற்றோல் நிலையத்தை நானா அறிந்து வைத்திருக்கிறார். குருணாகல் 8.50, ஆஸ்பத்திரி 11.25. அண்ணா வழி முழுக்க வலது தோளைத் தடவிக்கொண்டே வந்தார். வலிக்குதோ என்று கேட்டால் இல்லை என்றார்.

ஸ்கேன் பகுதியில் ஒரு இளம் தொழில்நுட்பவியலாளர், சிங்களப் பெண், தமிழைத் தேடித் தேடிப் பேசினார். பெயர், வயது, எடை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறக்க முன் அண்ணாவே சொன்னார்: "மிஸ், நேற்று நான் வலை இழுத்தனான்." அவர் பேனாவை வைத்துவிட்டார். நான் கடற்கரையில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனித உடம்பின் கோட்டுப்படம் ஒன்றைத் தந்து, வலிக்கும் இடமெல்லாம் நிழலடிக்கச் சொன்னார். அண்ணா சட்டையைக் கழற்றிக் காட்டக் காட்ட நான் பென்சிலால் நிழலடித்தேன். தோள் இரண்டும், முன்னங்கை, முதுகு, தொடை. அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வந்தார். "எடுப்போம். மருந்து இவர் பெயருக்கு வந்துவிட்டது, பிந்தினால் வீண். நீங்கள் சொன்னது நல்லம்" என்றார்.

அந்தக் கதிரியக்க மருந்தின் வீரியம் நூற்றுப்பத்து நிமிடத்தில் பாதியாகும். அதனால்தான் அதைத் திருகோணமலைக்கு அனுப்பிவைக்க முடியாது, நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். ஊசிக்குப் பிறகு ஒரு மணிநேரம் பேசாமல், அசையாமல் படுக்கை. மெஷினுக்குள் இருபத்தைந்து நிமிடம். 3.20க்கு அண்ணா வெளியே வந்தார். திரும்பும்போது நோயாளியைப் பின் இருக்கையில் தனியாக விடச் சொல்வார்கள். நான் தள்ளித்தான் உட்கார்ந்தேன், குருணாகல் வரை. அவர் உடம்பிலிருந்து அந்தக் கதிர்கள் இரண்டிரண்டாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. பதினைந்து வருடமாக அவற்றைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. அதற்கு மேல் தள்ளியிருக்க முடியாமல் பின்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். (பெரியவர்களுக்கு அந்த அளவால் பயமில்லை. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அன்றைக்குக் கிட்டப் போக வேண்டாம்.)

திங்கட்கிழமை காலை திருகோணமலையில் அவருடைய மருத்துவர் முடிவைக் கணினியில் திறந்தார். எத்தனையோ ஆயிரம் படம் பார்த்திருக்கிறேன், எல்லாம் உருளை. இதில் என் அண்ணா இருந்தார். சர்க்கரை தங்கிய தோளும் முன்னங்கையும் முதுகும் படத்தில் கறுத்து, அப்போதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் போல. மருத்துவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கழுத்தில் ஒன்றுமில்லை. நெஞ்சில் ஒன்றுமில்லை. அண்ணி என் தோளில் சாய்ந்துவிட்டார். வலது அக்குளுக்கு வந்ததும் மருத்துவர் படத்தைப் பெரிதாக்கினார். தசையா, கட்டியா, பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றார். வலை இழுத்தது பற்றிய இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் நோய் என்றுதான் எடுத்திருப்பேன் என்றும் சொன்னார். ஊசி மருந்து இப்போதைக்கு நிற்கும். அந்த ஒரு இடத்துக்காக ஸ்கேன் திரும்ப எடுக்க வேண்டும். ஸ்கேனுக்கு அடுத்த நாள் கிடைப்பது ஆறு கிழமை (வாரம்) கழித்துத்தான்.

"தசை அடங்க ஆறு கிழமை வேணுமோ, டொக்டர்?" என்று அண்ணா கேட்டார்.

"தசைக்கு மூன்று நாலு நாள் போதும். மிச்சம் மெஷினுக்கான வரிசை."

அண்ணா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர் மருத்துவரிடம், "அப்ப ஒரு உதவி. வலை இழுக்கக் கூடாது எண்டு ஒரு துண்டில எழுதித் தாங்கோ. கடற்கரையில காட்டவேணும், சும்மா நிண்டால் எனக்கே வெக்கம்" என்றார். மருத்துவர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

போகப் போகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். வானை ஒரு கிழமைக்கு முன் பேசி வையுங்கள், ஸ்கேன் ஓட்டம் ஓடிப் பழகிய சாரதியாகப் பாருங்கள். குளிருக்கு ஒரு போர்வை, ஊசிக்குப் பிறகு குடிக்க மூன்று லீற்றர் தண்ணீர். அறிவுறுத்தல் தாளை வீட்டில் சத்தமாக வாசியுங்கள், எல்லோரையும் கேட்க வைத்து, ஒவ்வொரு வரியாக. மா இடிப்பது, தண்ணீர் அள்ளுவது, நெல் மூட்டை தூக்குவது, தோணி தள்ளுவது, வலை இழுப்பது எல்லாம் உழைப்புத்தான். நாங்கள் அதை உழைப்பு என்று நினைப்பதே இல்லை, அதுதான் சிக்கல். ஏதாவது நடந்துவிட்டால் மறைக்க வேண்டாம், போனவுடன் சொல்லிவிடுங்கள்.

ஆய்வகத்தில் வேகம் என்றால் எங்களுக்கு ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்த கணக்கு. நான் திரும்பிப் போய் முதல் கூட்டத்தில் அந்த மூன்று நாளையும் ஆறு கிழமையையும் சொன்னேன். இடையில் இருப்பது முழுக்க மெஷினுக்கான காத்திருப்பு என்றேன். மலிவாகச் செய்தால் மெஷின்கள் கூடும். வேகமாகச் செய்தால் ஒரே நாள் மருந்தில் இன்னும் அதிகம் பேரைப் பார்க்கலாம். அன்றைக்கு எல்லோரும் பிந்தித்தான் வீட்டுக்குப் போனோம்.

இரண்டாவது ஸ்கேனுக்கு மறுபடியும் விடுமுறை கேட்டிருக்கிறேன். நான்கு நாள் முன்னதாகவே போகிறேன். கடற்கரைக்குத் தினமும் போவோம். வலை எவ்வளவு பாரமாக வந்தாலும் அண்ணாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பேன்.